தொடைக் கட்டியும் நார்மல் ரிப்போர்ட்டும்

மன்னார்குடி பக்கத்திலிருந்து:

பெரியப்பாவுக்குத் தொடையில் கட்டி. வலி இல்லை, அதனால் கொழுப்புக் கட்டி என்று அவரே முடிவு பண்ணி, குறுவை அறுப்பு ஆகட்டும், தாளடி நடவு ஆகட்டும் என்று தள்ளிக்கொண்டே போனார். வேட்டியை மடித்துக் கட்டினால் வெளியே தெரிகிற அளவுக்கு வந்த பிறகுதான் எம்ஆர்ஐ, ஊசி பயாப்ஸி எல்லாம். சார்கோமா, அதாவது தசை, கொழுப்பு மாதிரி இடங்களில் வரும் புற்றுநோய் என்று வந்தது.

முழு ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்தபோது சித்தப்பா மகன் ஒரு லேபில் கேன்சர் மார்க்கர் பேக்கேஜ் (ரத்தத்தில் புற்றுநோயின் தடயம் தேடும் டெஸ்ட்டுகள்) எடுக்க வைத்தான். சிஇஏ, சிஏ 19-9, பிஎஸ்ஏ எல்லாமே நார்மல். பெரியம்மா வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் போய் உப்பும் மிளகும் போட்டுவிட்டே வந்துவிட்டார்.

டாக்டர் அந்தத் தாளை ஓரமாக வைத்தார். "இதெல்லாம் குடல், கணையம், புராஸ்டேட்டுக்குப் பாக்கறது தம்பி. தசை, கொழுப்புல வர்ற கட்டிக்கு ரத்தத்துல நம்பி சொல்ற மாதிரி மார்க்கர் கிடையாது." எவ்வளவு நாள் தாங்குவார் என்று அண்ணன் கேட்டதும் பயாப்ஸி ரிப்போர்ட்டில் ஒரு வரியைப் பேனாவால் வட்டம் போட்டார்: கிரேடு 2. செல் எவ்வளவு உருமாறியிருக்கிறது, எவ்வளவு வேகமாகப் பிரிகிறது, கட்டிக்குள் எவ்வளவு செத்துக் கிடக்கிறது, மூன்றுக்கும் மார்க் போட்டுக் கூட்டினால் 4 அல்லது 5 வந்தால் கிரேடு 2, அதற்கு மேல் 3. அப்புறம் கட்டி 5 செ.மீ. தாண்டியதா, தசை உறைக்குக் கீழே ஆழத்தில் இருக்கிறதா, வெட்டின ஓரம் சுத்தமா, நுரையீரலுக்குப் போயிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டுமாம். வயது, அளவு, கிரேடு, கட்டியின் வகை கொடுத்தால் கணக்குப் போட்டுச் சொல்லும் சார்குலேட்டர் என்ற ஆப்பையும் காட்டினார். அது சொல்வது இவரைப் போல 100 பேர் இருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்பதைத்தான், பெரியப்பாவை அதற்குத் தெரியாது.

ஆபரேஷன், கரண்ட் (கதிர்வீச்சு) எல்லாம் முடிந்தது. இப்போது அவ்வப்போது நெஞ்சு சிடி எடுக்கிறோம், இந்த வகை பரவினால் பெரும்பாலும் முதலில் நுரையீரலுக்குத்தானாம்.

கும்பகோணத்திலிருந்து:

தம்பி, எங்க அக்காவுக்கு வயிற்றின் பின்பக்கம் லிப்போசார்கோமா, கொழுப்பில் வரும் சார்கோமா. ரிப்போர்ட்டில் 'எம்டிஎம்2 பாசிட்டிவ்' என்று பார்த்ததும் அத்தான் அழுதே விட்டார். அது கட்டி எந்த வகை என்று உறுதி பண்ணுகிற டெஸ்ட், ஆயுளைச் சொல்வதில்லை. அக்கா விஷயத்தில் டாக்டர்கள் கவலைப்பட்டது, முழுசாக எடுக்க முடியுமா, அதே இடத்தில் திரும்ப முளைக்குமா என்றுதான்.

திருவாரூரிலிருந்து:

எங்க மாமாவுக்கு ஒரு கிளினிக்கில் சாதாரணக் கட்டி என்று ஸ்கேனே பார்க்காமல் கிழித்து எடுத்துவிட்டார்கள். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பியதே பிறகு நாங்கள் சத்தம் போட்டுத்தான். ஓரத்தில் மிச்சம் இருந்து, இரண்டாவது முறை அகலமாக வெட்ட வேண்டியதாயிற்று. பயாப்ஸி எடுத்தவர்களிடம் ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் (கட்டியின் துண்டை மெழுகில் பதித்து வைத்தது) கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் அண்ணா. பெரிய மருத்துவமனைக்குப் போனால் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள்.