மொராக்கோ: வண்டி ஒத்துக்கொள்ளாத குழந்தையோடு சஹாரா போக முடியுமா?

கேள்வி:
டிசம்பர் கடைசியில் ஒரு வாரம் மொராக்கோ போகிறோம். நாங்கள் இருவர், ஆறு வயது மகள், மாமியார். மகள் மணல்மேடு பார்த்தே ஆக வேண்டும் என்கிறாள், ஆனால் வளைவு ரோட்டில் அரை மணி நேரம் போனாலே வாந்தி எடுப்பாள். டூர்காரர்கள் எல்லோரும் மராக்கேஷ் நகரிலிருந்து சஹாரா மணல்மேட்டோரம் இருக்கும் மெர்ஸூகா ஊருக்குப் போய்த் திரும்ப மூன்று நாள் என்றே சொல்கிறார்கள். மராக்கேஷ் பக்கத்திலேயே அகாஃபே பாலைவனம் இருக்கிறதாம், அது போதுமா? விமான டிக்கெட் இன்னும் போடவில்லை.

பதில்:
டிக்கெட் போடாதது நல்லதாகப் போயிற்று. அகாஃபே கல்லும் மண்ணுமான மொட்டைக் குன்றுகள், மணல்மேடு கிடையாது, குழந்தை ஏமாந்துவிடும். மெர்ஸூகாவுக்கே போங்கள், ஆனால் போன வழியில் திரும்பாதீர்கள். மராக்கேஷிலிருந்து சுமார் 560 கிலோமீட்டர், அதில் தொடக்கத்திலேயே அட்லஸ் மலையைத் தாண்டும் டிஷ்கா கணவாய் வரும், 2,260 மீட்டர் உயரம், வளைவுக்கு மேல் வளைவு. மூன்று நாள் டூரில் இதை இரண்டு முறை தாண்ட வேண்டும், கடைசி நாள் முழுக்க வண்டியிலேயே போய்விடும். முதல் இரவு வார்ஸாஸாத் (வழியில் ஐத் பென்ஹத்து மண்கோட்டை), அடுத்தது டிங்கிர், மூன்றாவது மெர்ஸூகா. அங்கிருந்து வடக்கே ஃபெஸ் நகருக்குப் போய் அங்கேயே விமானம் ஏறுங்கள். அதுவும் ஏழெட்டு மணி நேரம்தான், ஆனால் டிஷ்கா அளவுக்கு வளைவு இல்லை.

கேட்டவர்:
ஸகோரா ஊர் மணல்மேடுகள் இன்னும் கிட்டே என்கிறார்களே?

பதில்:
கிட்டேதான், ஆனால் அதற்கும் அதே கணவாயைத் தாண்ட வேண்டும். ஸகோரா பக்கம் இருப்பவை சின்ன மேடுகள். பெரியவை எர்க் ஷிகாகா மணல்வெளியில், அதற்கு ம்ஹமீத் ஊரைத் தாண்டி ஜீப்பில் போக வேண்டும், மகளுக்கு அது இன்னும் கஷ்டம்.

இன்னொரு பதில்:
ஃபெஸ் யோசனை சரி. டிசம்பரில் பனி விழுந்தால் டிஷ்காவை மூடிவிடுவார்கள், அதனால் ஒரு நாள் கையில் வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள், கிளம்பும் காலையில் ஹோட்டலில் கேட்டுவிடுங்கள். கூட்டு வேன் வேண்டவே வேண்டாம், தனி வண்டி என்றால் நினைத்த இடத்தில் நிறுத்தலாம். வாந்தி மாத்திரையை ஊரிலேயே குழந்தை டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மெர்ஸூகாவில் இரவுக் குளிர் கடுமை, கூடாரத்தில் ஹீட்டர் உண்டா என்று முன்பணம் கட்டும் முன்பே கேளுங்கள். மாமியார் ஒட்டகத்தில் ஏற வேண்டியதில்லை, முகாம் வரை ஜீப் அனுப்புவார்கள். அப்புறம், நகருக்குள் ஓடும் சின்ன டாக்சியில் மூன்று பேருக்கு மேல் ஏற்ற மாட்டார்கள், குழந்தையும் ஓர் ஆள் கணக்குத்தான். உங்கள் நான்கு பேருக்கும் பெரிய டாக்சிதான், ஏறும் முன்பே கட்டணம் பேசிவிடுங்கள்.