புதுப்பிப்பு: அம்மாவின் காணாக்கடி

மண்டபம் ஊரில் இருக்கும் அம்மாவுக்கு நாலு மாதமாகக் காணாக்கடி (தோல் திட்டுத் திட்டாகத் தடித்து அரிப்பது); மீன், கருவாடு எல்லாம் நிறுத்தியும் அடங்கவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். ராமநாதபுரம் போய்த் தோல் மருத்துவரைப் பார்த்தோம். ஆறு வாரம் தாண்டினால் நாள்பட்டது, அதற்குப் பெரும்பாலும் உணவு காரணமில்லை என்றார். தடித்தால் மட்டும் செட்டிரிசின் என்ற அலர்ஜி மாத்திரை கொடுத்துவந்தோம், அதுதான் தவறு. தடிப்பையும் அரிப்பையும் கிளப்புவது உடம்பில் சுரக்கும் ஹிஸ்டமின்; அது போய் ஒட்டும் இடத்தை மாத்திரை முன்கூட்டியே பிடித்துவைக்க வேண்டும், அதனால் தினமும் போட வேண்டுமாம். இப்போது பிலாஸ்டின் என்ற இன்னொரு அலர்ஜி மாத்திரை 20 மி.கி., சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால். இரண்டு வாரத்தில் பாதிதான் குறைந்தது. அப்புறம் மருத்துவரே தினம் இரண்டு மாத்திரையாகக் கூட்டினார் (நான்கு மடங்கு வரை போகலாம், ஆனால் நாமாகக் கூட்டக் கூடாது). ஒன்பது நாளாகத் தடிப்பே இல்லை! நேற்று சூடை மீன் குழம்பு ஆசையாகச் சாப்பிட்டார். மாத்திரையை நிறுத்தவில்லை. யாருக்காவது நாக்கு வீங்கினால், மூச்சு திணறினால் மாத்திரையோடு காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.