செம்பருத்தி மாவுப்பூச்சிக்கு நடுவே ஊர்வது பொறிவண்டுப் புழுவா?

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணம் பக்கம், மாடித் தொட்டியில் அடுக்குச் செம்பருத்தி. கொழுந்து சுருண்டு, மொட்டுக் காம்பெல்லாம் வெள்ளைப் பஞ்சு. மாவுப்பூச்சிதான், அதில் சந்தேகமில்லை. கீழ் இலையெல்லாம் பிசுபிசுப்பு, கரும்பூசணம். தண்டில் எறும்பு வரிசை.

லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய். முதலில் காதி சோப்புக் கரைசலில் அடித்துக் கலக்கியது. இல்லாவிட்டால் எண்ணெய் தனியே மிதந்து இலையைக் கருக்கிவிடும். வெயில் தாழ்ந்ததும் இலையடி நனைய வாரம் ஒருமுறை தெளிப்பு. குஞ்சுகள் சாகின்றன. முட்டைப் பைக்குள் மருந்து இறங்காததால் மறுபடி வருகிறது.

இப்போது பஞ்சுக்கு நடுவே ஒரு செ.மீ. நீளத்துக்கு ஒன்று ஊர்கிறது. உடம்பெல்லாம் நீள நீளமான மெழுகு இழை, தொட்டால் ஓடுகிறது. மாவுப்பூச்சி சுமார் 3–4 மி.மீ.தான், இப்படி ஓடவும் ஓடாது. மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழுவாக இருக்குமோ? அப்படியானால் தெளிப்பை நிறுத்திவிட்டு, மாவுப்பூச்சிக்குக் காவல் நிற்கும் எறும்பை மட்டும் தடுத்தால் போதுமா? தண்ணீர்த் தட்டில் கல் வைத்து அதன்மேல் தொட்டியை ஏற்றலாம்தான், ஆனால் கொசு வந்துவிடும். வேறு வழி உண்டா? தஞ்சை, மயிலாடுதுறைப் பக்கம் இந்த வண்டு விலைக்குக் கிடைக்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.