மண்ணெண்ணெயில் கிடைத்த ஸ்பெல்லிங் விதி

பிள்ளைகளுக்கு ஸ்பெல்லிங் சொல்லிக்கொடுத்த கதையை ஆளாளுக்கு எழுதுகிறீர்கள். என்னிடமும் ஒன்று இருக்கிறது. மதுரை செல்லூரில் வீட்டு மாடியில் டியூஷன் எடுக்கிறேன். ஆறாவது முதல் எட்டாவது வரை படிக்கிற பிள்ளைகள்.

எட்டாவது படிக்கும் ஒரு பெண், கெட்டிக்காரி. ஆனால் ‘ரன்னிங்’ எழுதச் சொன்னால் நடுவில் ஒரே ஒரு ‘என்’தான் போடுவாள். ‘சிட்டிங்’ என்றால் ஒரே ‘டி’. ஒரு உயிரெழுத்து, குறில் ஓசை, அப்புறம் ஒரே மெய் என்றிருந்தால், ‘இங்’ சேரும்போது அந்த மெய்யை இரண்டாக எழுது என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். தலையாட்டுவாள். மறுநாள் அதே தப்பு.

ஒருநாள் தமிழ்ப் பரீட்சைக்காகப் ‘பிரித்து எழுதுக’ போட்டுக்கொண்டிருந்தாள். மண்ணெண்ணெய்: மண் + எண்ணெய். “இன்னொரு ‘ண்’ எங்கேயிருந்து வந்தது?” என்று கேட்டேன். தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும், அதாவது தனியாக நிற்கும் ஒரு குறிலை அடுத்து வரும் மெய், பின்னால் உயிர் வந்தால் இரண்டாகும் என்று நான் படித்த விதி வாயில் வந்ததுமே எனக்குப் பொறி தட்டியது. “சரிம்மா, இப்போ ‘ரன்’னோட ‘இங்’கைச் சேர்” என்றேன்.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். “மிஸ், ரெண்டும் ஒண்ணுதானா?” மண்ணெண்ணெய்க்குப் பக்கத்திலேயே எழுதினாள். இரண்டாவது ‘என்’ மட்டும் தாளில் பதியும்படி அழுத்தமாக.

நெடிலுக்கும் கணக்குச் சரியாக வந்தது. பால் + ஆடை பாலாடைதான், ‘ல்’ இரட்டிக்காது. ‘ரீட்’, ‘ரெயின்’ இரண்டிலும் உயிரெழுத்து இரண்டிரண்டு, அங்கேயும் மெய் ஒன்றுதான். அவன் + இடம் அவனிடம் ஆகிறது; ‘ன்’னுக்கு முன்னால் தனிக்குறில் இல்லை, இரண்டு எழுத்து இருக்கிறது, அதனால் இரட்டிக்காது. ‘ஓபன்’, ‘விசிட்’ அதே மாதிரி. ‘பிகின்’ வந்த இடத்தில்தான் தமிழ் கைகொடுக்கவில்லை. இரண்டு அசை இருந்தும் ‘பிகின்னிங்’கில் இரண்டு ‘என்’. சொல்லின் அழுத்தம் கடைசி அசையில் விழுவதுதான் காரணம். மேசையைத் தட்டித் தட்டிச் சொல்லிக் காட்டினேன். ‘விசிட்’டுக்கு முதல் தட்டு பலமாக, ‘பிகின்’னுக்கு இரண்டாவது.

மேலூரிலிருந்து ஒரு பதில்:

அக்கா, படித்த கையோடு என் மகனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அவனுக்கு வம்பு பண்ணுவது கடைசியில் வரும் ‘ஈ’. ‘மேக்’கில் ‘இங்’ சேர்த்தாலும் அதை விடமாட்டான். உங்கள் வழியிலேயே போனேன். காசு + இல்லை காசில்லை; உயிர் வந்ததும் உகரம் ஓடிவிட்டது. ‘காசு கொடு’ என்றால் உகரம் நிற்கிறது. ‘ஹோப்’ அப்படித்தான்: ‘இங்’ வந்தால் ‘ஈ’ போகும், ‘ஃபுல்’ வந்தால் நிற்கும். ‘கேர்’, ‘யூஸ்’ இரண்டையும் அவனே போட்டுப் பார்த்துக்கொண்டான். “அப்போ ‘நோட்டீசபிள்’ல மட்டும் ஏம்ப்பா ‘ஈ’ போகல?” என்றான். அதை எடுத்துவிட்டால் ‘சி’ அங்கே ‘க’ என்று ஒலித்துவிடும் என்றேன். உடனே ‘நோட்டிக்கபிள்’ என்று சொல்லிப் பார்த்துவிட்டு, ‘ஈ’யைப் போட்டு எழுதினான்.