ரிவர்ஸ் டிஎன்எஸ் மண்டலத்துக்கு ‘எண்முதல் மண்டலம்’ பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

டிஎன்எஸ் என்பது இணையப் பெயர்களையும் ஐபி எண்களையும் இணைக்கும் பதிவேடு. அதில் எண்ணைக் கொண்டு பெயரைத் தேடும் பகுதிதான் ரிவர்ஸ் ஸோன். போன மடலில் அதற்குத் ‘தலைகீழ் மண்டலம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுக் கடைக்கு இணைய இணைப்பை மாற்றிக் கொடுத்தேன். கடைக்குச் சொந்தமாக மெயில் சர்வர் உண்டு. டிஎன்எஸ்ஸில் அந்தச் சர்வரின் பெயருக்கு எதிரே இருந்த பழைய ஐபி எண்ணை எடுத்துவிட்டுப் புது எண்ணைப் போட்டேன். வரவேண்டிய மெயில் வந்தது. அனுப்பியதில் பாதி திரும்பிவிட்டது. பெறுகிற சர்வர் எண்ணை வைத்துப் பெயரைத் தேடுகிறது, அங்கே எங்கள் பெயர் இல்லை. அந்தப் பதிவை நான் எழுத முடியாது. பெயர் நம்முடையது, எண்ணோ இணைப்புக் கொடுத்த நிறுவனத்துடையது. எழுதிக் கேட்டு, பதிவு ஏற 4 நாள் ஆனது. பழைய இணைப்பைத் துண்டிக்கும் முன்பே கேட்டிருக்க வேண்டும்.

‘தலைகீழ்’ என்றதும், ஒன்றைத் திருப்பினால் மற்றது தானாகக் கிடைத்துவிடும் என்று தோன்றுகிறது. கணக்குப் பாடத்து ‘நேர்மாறு’க்கும் இதே குறை. இங்கே பெயரிலிருந்து எண்ணுக்குப் போவதும் எண்ணிலிருந்து பெயருக்குப் போவதும் தனித்தனிப் பதிவேடுகள், எழுதுகிற கைகளும் வேறு. நம் நிலக் கணக்கையே பாருங்கள்: சிட்டாவில் பட்டாதாரரைப் பிடித்து நிலத்துக்குப் போகிறோம், அ பதிவேட்டில் புல எண்ணைப் பிடித்து உரிமையாளருக்குப் போகிறோம். அ பதிவேட்டை யாரும் தலைகீழ்ச் சிட்டா என்பதில்லை. (டிஎன்எஸ்ஸின் ஏ ரெக்கார்டை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது பெயரிலிருந்து எண்ணுக்குப் போவது.)

தலைகீழுக்கும் ஒரு நியாயம் உண்டு. 192.0.2.25 என்ற எண்ணை அந்த மண்டலத்தில் 25.2.0.192 என்று திருப்பித்தான் எழுதுகிறோம், கடைசியில் இன்-ஆடர்.ஆர்ப்பா என்ற பின்னொட்டு சேரும். பெயரில் பெரிய பிரிவு கடைசியில் வரும், எண்ணில் முதலில் வரும். இரண்டையும் ஒரே ஒழுங்குக்குக் கொண்டுவரத்தான் இந்தத் திருப்பல். அது எழுதும் முறைதான், மண்டலத்தின் வேலை அல்ல.

ஆகவே என் முன்மொழிவு: எண்முதல் மண்டலம், பெயர்முதல் மண்டலம். தேடல் எதில் தொடங்குகிறதோ அது சொல்லின் முன்னால் நிற்கிறது. ‘எண்வழி, பெயர்வழி’ என்றும் யோசித்தேன். ‘பெயர்வழி’ பேர்வழியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். எண்ணுக்கு எதிரே பெயரைச் சொல்லும் பிடிஆர் ரெக்கார்டுக்குப் ‘பெயர்சுட்டி’ போதும்.

சரி, வாக்கியத்தில் வைத்துப் பார்க்கலாம்: “8 முகவரிகள் மட்டும் வாங்கிய வாடிக்கையாளருக்கு, 1998இல் வந்த ஆர்எஃப்சி 2317 என்ற இணைய ஆவணம் காட்டும் வழியில், நிறுவனம் தன் எண்முதல் மண்டலத்தில் அவருக்குரிய பகுதியை ஒப்படைக்கலாம்.”

எங்காவது உறுத்தினால் எழுதுங்கள். டெலிகேஷனுக்கு ‘ஒப்படைப்பு’ என்று போட்டதில் எனக்கே இன்னும் நிறைவில்லை. அதற்கும் சொல் தேடுகிறேன்.