ஹெலிபேட் பக்கத்துத் தென்னை: உயரக் கணக்கில் உதவி வேணும்

களியக்காவிளைப் பக்கம் ஒரு தனியார் ஹெலிபேட் திட்டம். ஹெலிகாப்டர் இறங்கும் பாதை எல்லை தாண்டி, கேரளப் பாறசாலைத் தோப்புகளுக்கு மேலே வருது. மரமோ கட்டடமோ தாண்டக் கூடாத அந்தப் பாதையின் சரிவு 12.5 சதவீதம், அதாவது 8 மீட்டர் தள்ளினால் 1 மீட்டர் உயரம். தளத்தின் பாதுகாப்பு விளிம்பிலிருந்து 80 மீட்டர் தள்ளி 10 மீட்டர் உயரம்தான் இடம். அங்கே தரை தளத்தைவிட 6 மீட்டர் மேடாக இருந்தால் மிச்சம் 4. வளர்ந்த தென்னை எங்கே நிற்கும்? தரையிலிருந்து மட்டும் அளந்து பலரும் கோட்டை விடுவது இங்கேதான். தளம், மர உச்சி இரண்டையும் கடல்மட்டத்திலிருந்து உள்ள உயரமாகப் பாருங்க. வீடென்றால் தண்ணி டேங்க், ஆன்டெனா உச்சிவரை சேரும்.

மார்த்தாண்டம் வட்டாரத்தில் டோட்டல் ஸ்டேஷன் (தூரமும் கோணமும் அளக்கும் சர்வே கருவி) வைத்து மரத்து உச்சி அளக்கும் சர்வேயர் யாராவது உண்டா? மரம் வெட்டச் சொல்லும் விமான விதிகள் மத்திய அரசு அறிவித்த விமானத்தளங்களுக்குத்தான். அப்போ கேரளத் தோப்புக்காரரோடு ஒப்பந்தம் போட்டவங்க, வருஷாவருஷம் கொண்டை வளர்வதை எப்படி எழுதினீங்க? மாதிரி இருந்தால் போடுங்க.