டிஷ் பொருத்த வருபவரிடம் என்னென்ன கருவிகள் இருக்க வேண்டும்?

கேள்வி (தாம்பரம்வாசி):
சென்ற மாதம் புதிதாக டிடிஎச் இணைப்பு வாங்கினோம். பொருத்த வந்த இளைஞரின் பையில் ஸ்பானரும் கட்டிங் பிளையரும் மட்டுமே இருந்தன. மொட்டை மாடியில் நின்றபடி டிஷ்ஷைத் திருப்பித் திருப்பி "படம் வருகிறதா?" என்று அவர் கேட்க, கீழே டிவி முன்னால் நின்று என் மனைவி பதில் சொல்ல, கால் மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டார். வெயில் நாளில் குறையொன்றும் இல்லை. சிறு தூறலுக்கே சிக்னல் போய்விடுகிறது. இது மழையின் குற்றமா, பொருத்தியதில் உள்ள குற்றமா? இந்தத் தொழிலுக்கு முறையான பயிற்சி உண்டா?

பதில் (மீட்டர்க்காரர்):
ஐயா, கொட்டும் மழையில் டிடிஎச் வரும் கேயூ பேண்ட் அலைவரிசையின் சிக்னல் சில நிமிடங்கள் நின்றுபோவது இயல்பு. தூறலுக்கே போகிறதென்றால் பெரும்பாலும் டிஷ் குறி தவறி நிற்கிறது. டிஜிட்டல் படம், சிக்னல் குறையக் குறைய மங்கிக்கொண்டே வருவதில்லை. ஓர் எல்லைவரை முழுமையாகத் தெரிந்துவிட்டு, அதற்குக் கீழே போனதும் சட்டென்று உடைந்துவிடும். ஆகவே "படம் வருகிறதா" என்பது சோதனையே ஆகாது. மழைக்கென்று எவ்வளவு சிக்னல் மிச்சம் இருக்கிறது என்பதைச் சிக்னலை அளக்கும் டிஜிட்டல் மீட்டர்தான் சரியாகக் காட்டும். பீப் ஒலி எழுப்பும் மலிவான மீட்டருக்கு எந்தச் செயற்கைக்கோள் என்று தெரியாது: 60 செ.மீ. டிஷ்ஷின் பார்வை ஏறக்குறைய 3 டிகிரி அகலம் கொண்டது, ஆனால் 93.5 டிகிரி, 95 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைகளுக்கு மேலே நிற்கும் செயற்கைக்கோள்களுக்கு இடைவெளி ஒன்றரை டிகிரிதான்.

மீட்டருக்கும் முன்னால் ரசமட்டம் வேண்டும். சென்னையிலிருந்து 93.5 டிகிரிச் செயற்கைக்கோள் தென்கிழக்கில், தொடுவானிலிருந்து சுமார் 68 டிகிரி உயரத்தில் இருக்கிறது; கம்பம் சாய்ந்திருந்தால் டிஷ்ஷில் பொறித்த உயர அளவுகோலுக்குப் பொருளே இல்லை.

பயிற்சியைப் பற்றிக் கேட்டீர்கள். இந்திய மின்னணுத் துறைத் திறன் மன்றம் டிடிஎச் பெட்டி பொருத்தும் பணிக்கெனத் தனிப் பாடத்திட்டம் வைத்திருக்கிறது. ஆனால் நான் வேலை பார்த்த இடங்களில் வீட்டுக்கு இவ்வளவு என்றுதான் கூலி கொடுத்தார்கள். மீட்டரை அவரவரே வாங்கிக்கொள்ள வேண்டும். ஆகவே அந்த இளைஞரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பதில் (மாடிவீடு):
வேறொன்றையும் கவனியுங்கள். எங்கள் வீட்டில் கைப்பிடிச் சுவரின் பூச்சில் மட்டும் போல்ட் இறக்கியிருந்தார்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் டிஷ்ஷைப் பூச்சோடு பெயர்த்துக்கொண்டு போனது. கான்கிரீட்டில் ஆங்கர் போல்ட் இறக்கச் சொல்லுங்கள். இடுப்பு பெல்ட் இல்லாமல் யாரையும் கைப்பிடிச் சுவர்மேல் ஏறவிடாதீர்கள்.

தாம்பரம்வாசி:
இருவருக்கும் நன்றி. நேற்று மீட்டரோடு வேறொருவர் வந்தார். கம்பத்தில் ரசமட்டம் வைத்ததுமே குமிழ் ஓரத்துக்கு ஓடிவிட்டது. கம்பத்தை நிமிர்த்தி டிஷ்ஷைத் திருப்பியபின் பெட்டி காட்டும் சிக்னல் தரம் 45-லிருந்து 80-க்கு ஏறியது. எல்என்பியில் (டிஷ்ஷின் முன்னால் நின்று சிக்னலை வாங்கும் கருவி) இருந்த திருகு கனெக்டரின் உள்கம்பி பச்சை பூத்திருந்தது; அதை வெட்டியபோது கேபிளுக்குள்ளிருந்து இரண்டு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.